கை வைத்துப் பார்த்தவன் எழுதுவது

கண்ணு,

நீ பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இத்தனை பக்கம் எழுதி அனுப்புகிறேனே என்று கோபப்படாதே. கோபப்பட்டாலும் பரவாயில்லை, கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேசுகிறவனை எனக்கே பிடிக்காது. நீ வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் உன் இரத்தத்தைக் கொடுத்துப் பரிசோதித்துவிட வேண்டும். ஊரார் ஈரலையெல்லாம் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கிற நீ, உன் இரத்தத்தை ஒரு சொட்டுக்கூட இன்னும் பார்க்கவில்லை. போன மாதம் வந்திருந்தபோது கேட்டேன். "நேரமே இல்லீங்கப்பா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடி எழுந்து போனாய். சொம்பு உன் பக்கத்திலேயே இருந்தது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். வைத்தியனே இப்படி ஒளிந்துகொண்டால் அதற்கு என்ன பழமொழி என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைச்சோலை எஸ்டேட்டில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், எப்படிப் பார்த்தேன் என்று தெரியாது. காப்பிச் செடியின் தண்டுக்குள் ஒரு வெள்ளைப் புழு இருக்கும், எஸ்டேட்டில் அதைப் போரர் என்போம். வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளே இறங்கி மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். வெளியே செடி பச்சைப்பசேலென்று பழத்தோடு நிற்கும். பட்டையில் மட்டும் லேசாக ஒரு மேடு தட்டும். அது கண்ணுக்கு அகப்படாது, விரலுக்கு அகப்படும். வண்டு பறக்கிற காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு செடியாகத் தண்டைத் தடவிக்கொண்டே போவேன். மேடு இருந்தால் "போடு" என்று குரல் கொடுப்பேன். பின்னால் சுண்ணாம்புச் சட்டியோடு வருகிற ஆள் மட்டையை அதில் தோய்த்துத் தண்டைச் சுற்றி ஒரு வளையம் போடும். வளையம் விழுந்த செடி மறுநாள் வேரோடு பிடுங்கப்பட்டு நெருப்புக்குப் போய்விடும். அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தவள் உன் அம்மா.

மூடுபனி இறங்கிவிட்டால் எனக்கு அவளும் தெரிய மாட்டாள், அவளுக்கு நானும் தெரிய மாட்டேன். நான் "போடு" என்பேன். வெள்ளைக்குள்ளிருந்து மட்டை தண்டில் உரசும் சத்தம் மட்டும் வரும். அப்படியே அரை நாள் போகும். சில வருஷம் போன பிறகு எனக்கு ஒன்று நடக்க ஆரம்பித்தது. கை தண்டில் படுவதற்கு முன்பே உள்ளங்கை சில்லென்று ஆகிவிடும். ஐஸ் கட்டியைப் பிடித்தது மாதிரி இல்லை, கைக்குள்ளிருந்து யாரோ சூட்டை உருவிக்கொண்டது மாதிரி. சில்லிட்ட செடியைப் பிளந்தால் புழு இருக்கும். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் முதலில் நம்பாமல் நல்ல செடியைப் பிடுங்குகிறாயே என்று சத்தம் போட்டார். நாலைந்து தண்டைப் பிளந்து பார்த்த பிறகு என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். எனக்கு அதில் திமிர்தான் வந்தது. மலையில் எனக்கு நிகராக ஆள் கிடையாது என்று மீசையைத் தடவிக்கொண்டேன். அதே கையால்தான் தடவினேன்.

உன் வாழவந்தி மாமாவை, அம்மாவின் தம்பி பொன்னுசாமியை, உனக்கு லேசாக நினைவிருக்கலாம். அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. அவர் எங்கள் எஸ்டேட் களத்தில் காப்பி உலர்த்தும் வேலைக்கு வந்திருந்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரம். களத்தோரம் சாக்கு மூட்டை மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், செடிக்கெல்லாம் கை வெச்சுப் பாக்கறீங்க. இந்த மனுசனுக்கும் ஒருக்கா வெச்சுப் பாருங்க. நொம்ப நாளா சோறே எறங்க மாட்டேங்குது."

சொல்லிச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். களமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் குனிந்தேன். கை போய்ச் சேரும் முன்பே சில்லிட்டுவிட்டது. வலது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஒரு விளிம்பு, அதில் முண்டு முண்டாக மேடு. "போடு" என்றது என் வாய்.

நான் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். சொன்னது நான்தான். அந்த ஒரு நிமிஷம் என் கைக்குக் கீழே இருந்தது எனக்கு மனிதனாகத் தெரியவில்லை, தண்டாகத்தான் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, களத்தின் அந்த மூலையிலிருந்து உன் அம்மா சுண்ணாம்பு மட்டையோடு பழக்க தோஷத்தில் நாலு எட்டு வந்துவிட்டாள். வந்த பிறகுதான் படுத்திருப்பது யார் என்று பார்த்தாள். மட்டையிலிருந்து சுண்ணாம்பு சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு "செரி" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. வாழவந்தியில் போய்ப் படுத்தவர் படுத்தவர்தான். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று உன் அம்மா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "மச்சானே போடுன்னுட்டாரு. அப்பறம் ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றாராம். வளையம் விழுந்த செடிக்கு யாரும் தண்ணீர் விட மாட்டார்கள், அந்தக் கணக்கில் தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டார். வயிறு பானையாக வீங்கி, கண் மஞ்சளாகி, அடுத்த பழம் எடுப்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். குடித்துக் குடித்து ஈரல் வெந்துபோச்சு என்று ஊர் பேசியது. அந்த மனிதன் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. உன் அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஒரே ஒரு தடவை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொன்னது தப்பில்லீங்க. சொல்லிப்போட்டு அப்பிடியே உட்டுட்டு வந்துட்டீங்களே, அதாங்க."

அதிலிருந்து ஊர் என்னைப் பார்த்த பார்வையே வேறு. சேலத்திலிருந்து பஸ் ஏறினால் நெரிசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள், என் பக்கத்து சீட் மட்டும் காலியாக இருக்கும். கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு வருவேன். வெளியில் இப்படி விலகினவர்களே, ஆள் இல்லாத பட்டப்பகலில் பின்பக்கமாக வந்து வயிற்றைக் காட்டினார்கள். "வாயத் தொறந்து சொல்ல வேண்டாங்க, தலைய மட்டும் ஆட்டுங்க சாமி" என்பார்கள். விரட்டிவிடுவேன். விரட்டின பிறகு உள்ளங்கை சில்லென்று இருக்கும். தொடாமலே. சில்லிட்ட ஆட்களில் சிலர் நன்றாகவே வாழ்ந்தார்கள், சிலர் போனார்கள். நான் எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை, பயமாக இருந்தது.

செடி பார்க்கும் வேலையை விட்டுவிட்டுப் பழம் உரிக்கிற கொட்டகைக்கு மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து உன்னைத் தொடுவதையும் நிறுத்தினேன். உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது அம்மா, காய்ச்சலுக்கு நெற்றி தொட்டுப் பார்த்தது அம்மா. திருவிழாக் கூட்டத்தில் என் துண்டின் ஒரு முனையை உன்னிடம் கொடுத்துவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மற்ற பையன்களெல்லாம் அப்பன் தோளில் போனார்கள். நீ அந்தத் துண்டையே இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாய். அப்பாவுக்குக் கல்நெஞ்சு என்று நீ யாரிடமோ சொன்னதாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன். கல்நெஞ்சு இல்லை சாமி. உன்னைத் தொட்டு, கை சில்லிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம். உன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு எத்தனை நாள் இருந்தது தெரியுமா!

இனி உன் அம்மா விஷயம். இதைத்தான் உன்னிடம் இத்தனை வருஷம் மறைத்தேன். நீ சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒருக்கா கை வெச்சுப் பாருங்க. நெஞ்சுக்குக் கீழ என்னமோ கல்லாட்டம் இருக்குது."

மாட்டேன் என்றேன். என் கையைத் தானே இழுத்து வைத்துக்கொண்டாள். அதே விளிம்பு, அதே முண்டு. அவள் தம்பிக்கு இருந்த அதே இடம். களத்தில் சுண்ணாம்பு சொட்டினது கண்ணுக்குள் வந்து நின்றது. சொன்னால் இவளும் படுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல, வாயுதான். சுக்குக் கசாயம் வெச்சுக் குடி."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் என் கையை உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு "செரிங்க" என்று எழுந்து போனாள். கசாயமும் வைத்துக் குடித்தாள். ஒன்றரை வருஷம் அப்படியே போனது.

பழம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இரத்தமாக வாந்தி எடுத்தாள். எஸ்டேட் ஜீப்பில் போட்டுக் குப்பனூர் ரோடு வழியாகச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் நர்சு சேலையைத் தளர்த்தியது. இடுப்புக்கு மேலே, வயிற்றைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். சுண்ணாம்பு. "என்னம்மா இது, ஏதாச்சும் மந்திரிச்சுக் கட்டுனீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டது. உன் அம்மா சிரித்தாள், கண் இரண்டும் மஞ்சளாக. "இல்லீங்கம்மா. எங்க ஊட்டுக்காரரு சொல்ல மறந்துட்டாருங்க. நானே போட்டுக்கிட்டேன்."

ஒருநாள் போட்டதில்லை கண்ணு. குளித்தால் போய்விடுமே, அதனால் தினமும் குளித்து முடித்ததும் போட்டிருக்கிறாள். சுண்ணாம்பு தோலை அரித்து, வளையம் முழுக்கத் தழும்பாகிக் கிடந்தது. புழக்கடையில் அந்தச் சட்டி எப்போதும் ஈரமாகவே இருக்கும், ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று. "உங்க கை சில்லுன்னு ஆயிருச்சுங்க. எத்தன வருசம் உங்க பொறகாலயே வந்தவ, எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். தெரிந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே என்று அவள் மேலேயே கோபப்பட்டேன், பார் என் லட்சணத்தை. "நீங்க சொன்னா போலாம்னு இருந்தேனுங்க" என்றாள். ஈரல் முழுக்கத் தழும்பாகி அதற்குள் புற்றும் வந்துவிட்டது, ரொம்பத் தாமதம் என்று டாக்டர் சொன்னார், அதற்கப்புறம் அவள் அதிக நாள் இருக்கவில்லை. அம்மாவுக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போய்விட்டது என்று உனக்கு ஆள் அனுப்பினேன். திடீரென்று இல்லை. ஒன்றரை வருஷம் முன்பே எனக்குத் தெரியும். இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

போன மாதம் நீ வந்து உன் படிப்பை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாயே, அதைக் கேட்டு நான் பேசாமல் இருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாய். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். ஈரலில் தழும்பு போடுகிற செல்கள் தனியாக உண்டு, அவை விழித்துக்கொண்டால் அவற்றின் மேல்புறத்தில் வேறுவிதமான புரதம் துருத்திக்கொண்டு நிற்கும், புற்றான செல்லுக்கும் அதுபோல மேலே ஓர் அடையாளம் இருக்கும் என்றாய். அந்த அடையாளத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு பொருளைச் செய்து, அதன் முதுகில் மருந்தை ஏற்றி அனுப்பினால், பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லைத் தொடாமல் கெட்டதை மட்டும் பிடிக்கும், அங்கே போய் அதைத்தான் செய்யப் போகிறேன் என்றாய். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேல்தோலைத் தடவி உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிற என் பிழைப்பையே இவனும் எடுத்துக்கொண்டானே என்று. நான் பிடுங்கி நெருப்பில் போட்டேன், நீ நிற்கிற செடியைக் காப்பாற்றப் பார்க்கிறாய். கேட்க எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமாவுக்கும் அம்மாவுக்கும் வந்தது குடியால் இல்லை, கிருமியால், அவர்களைப் பெற்றவளிடமிருந்து பிறக்கும்போதே வந்திருக்கும், இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும் என்றும் சொன்னாய். பெற்றவளிடமிருந்து பிள்ளைக்கு என்று சொன்னதும் நீ நிறுத்திக்கொண்டாய். நீயும் அவள் பெற்ற பிள்ளை இல்லையா? அப்போதுதான் நான் கேட்டேன், நீ சொம்பைத் தேடினாய்.

மறுநாள் மத்தியானம் நீ கட்டிலில் படுத்திருந்தாய். ஜன்னல் வழியாக மூடுபனி வீட்டுக்குள் வந்து, உன் கால் பக்கம் சரியாகத் தெரியவில்லை. சட்டை மேலே ஏறியிருந்தது. நான் நாற்காலியில்தான் இருந்தேன், எழுந்தது எனக்கு நினைவில்லை. கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், கை சில்லென்று இருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டதுபோல் அத்தனை மெதுவாக வைத்தேன்.

இருந்தது, சாமி. விலாவுக்குக் கீழே இரண்டு விரற்கடை. அந்த விளிம்பு இருந்தது.

உன் மூச்சு ஒரு கணம் நின்றது. நீ தூங்கவில்லை. உன் அம்மா காத்திருந்ததுபோலவே நீயும் கண்ணை மூடிக்கொண்டு நான் என்ன சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாய். நான் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். டீ கொடுத்தபோது "நல்லாத் தூங்கிட்டேங்கப்பா" என்றாய். "தூங்கு, தூங்கு, மெட்ராஸ்ல ஏது தூக்கம்" என்றேன். அப்பனும் மகனும் சேர்ந்து அழகாக நடித்தோம்.

என் கை தப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். ஒரு தடவை மேடு தட்டிய செடியைப் பிளந்தபோது உள்ளே புழு எப்போதோ செத்து, செடி அதைச் சுற்றித் தானே மூடி ஆறிப்போயிருந்தது. இன்னும் இருபது வருஷம் காய்த்திருக்கும். ஆறின தழும்புக்கும் உயிரோடு இருக்கிற புழுவுக்கும் என் கைக்கு வித்தியாசம் தெரியாது. இரத்தத்தைப் பார்த்தால் தெரியும் என்று சொன்னவன் நீ. சீக்கிரம் தெரிந்தால் மருந்து இருக்கிறது, கட்டுக்குள் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று சொன்னவனும் நீதான். ஏதாவது இருந்துவிட்டால் வெளிநாட்டு வேலை போய்விடும் என்பதுதான் உன் பயம் என்று எனக்குப் புரிகிறது. போனால் போகட்டும் கண்ணு. நீ தேடப் போகிற மருந்து உனக்கும் வேண்டியிருந்தால், அதைத் தேட நீ முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை ரயிலில் மெட்ராஸ் வந்து இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். உன் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற அறை எங்கே என்று கேட்டு, அந்த வாசலில் உட்கார்ந்திருப்பேன். ரிசல்ட் வரும்வரை ஊருக்குத் திரும்ப மாட்டேன், வந்த பிறகும் நீ சொன்னால்தான் திரும்புவேன். ஊசி என்றால் உனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம், அம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு கையை அவர்களிடம் நீட்டு. இன்னொரு கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா